புது நன்மைச் சங்கிலி அடகுக்குப் போன கதை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வேளாங்கண்ணித் திருவிழா முடிந்த கையோடு கடிதங்கள் குவிந்துவிட்டன. சரிபாதியில் ஓர் எண்கூட இல்லை. "வருமானம் போதவில்லை, பிள்ளைகள் இருவர், வழி சொல்லுங்கள்" என்றால் உங்களுக்காக ஜெபிக்கலாம், கணக்குப் போட முடியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவள் கேட்கிறேன்: ஒரே ஒரு மாதம், நாற்பது பக்க நோட்டு ஒன்றில், பால் பாக்கெட் முதல் உண்டியல் காசு வரை எழுதுங்கள். அப்புறம் எனக்கு எழுதலாம்.

தவக்காலத்தில் எங்கள் வீட்டில் இறைச்சி வாங்குவதே இல்லை. ஆனாலும் சாப்பாட்டுச் செலவு கூடிவிடுகிறது. கடந்த ஆண்டும் அப்படித்தான். ஏன்? (குடும்பத் தலைவி, உப்பளம்)

இறைச்சிக்குப் பதிலாக எதை வாங்கினீர்கள் என்று எழுதவில்லையே அம்மா. ஆட்டுக்கறியை விட்டுவிட்டு வஞ்சிரமும் இறாலும் வாங்கினால் நாக்குக்கும் தபசு இல்லை, மணிபர்சுக்கும் இல்லை. அதிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஈஸ்டர் ஏப்ரல் பிற்பாதியில் விழும் ஆண்டுகளில் பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரத்தின் விலையைக் கேட்டால் அங்கேயே பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவ அறிக்கை) செய்யத் தோன்றும். முருங்கைக்கீரை, காராமணிக் குழம்பு, மீன் இல்லாமல் முடியாது என்றால் நெத்திலி. மிச்சமானதைத் தவக்கால உண்டியலில் போடுவதும் தபசில் சேர்த்தி.

என் கணவர் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவர், நான் கத்தோலிக்கக் குடும்பம். சம்பளம் 32 ஆயிரம். முதல் தேதியே 3,200 ரூபாயைத் தசமபாகமாக எடுத்து வைத்துவிடுகிறார். ஜூன் வந்தால் பள்ளிக் கட்டணத்துக்கு என் அண்ணனிடம் கைமாற்று வாங்குகிறோம். யார் சொல்வது சரி? (லாஸ்பேட்டை)

தொகையோடு எழுதிய நல்ல மனுஷி. கத்தோலிக்கருக்கு இத்தனை சதவீதம் என்ற கட்டாயம் இல்லை. வசதிக்கு ஏற்பத் திருச்சபையைத் தாங்க வேண்டும், அவ்வளவுதான். அவருடைய சபை பைபிளில் மல்கியா மூன்றாம் அதிகாரத்தை வைத்துப் பத்தில் ஒன்று என்கிறது. இதில் தீர்ப்பு எழுத நான் ஆயர் இல்லை.

கணக்கை மட்டும் பார்ப்போம். ஆண்டுக்குக் காணிக்கை கிட்டத்தட்ட 40 ஆயிரம். அண்ணனிடம் வாங்குவது எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 20 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் வீட்டுத் தசமபாகத்தில் பாதியை உங்கள் அண்ணன் செலுத்துகிறார், அவருக்கே தெரியாமல். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் 'கொர்பான்' (கடவுளுக்குக் காணிக்கை) என்று சொல்லிப் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக் கழித்தவர்களை ஆண்டவர் கடிந்துகொள்கிறார். உங்கள் கணவருக்கு அந்த இடம் கட்டாயம் தெரிந்திருக்கும். அவரையே வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் விளக்கம் சொல்லாதீர்கள்.

காணிக்கையை நிறுத்தச் சொல்லவில்லை. பள்ளிக் கட்டணத்தைப் பன்னிரண்டால் வகுத்து, முதல் தேதியன்று காணிக்கை உறைக்குப் பக்கத்திலேயே இன்னோர் உறையில் போடுங்கள். இரண்டு உறைக்கும் போக வீட்டுச் செலவுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று அவரே எண்ணட்டும். இந்தப் பேச்சு பிள்ளைகள் தூங்கிய பிறகு நடக்கட்டும்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்குத் திறக்கலாமா? (வில்லியனூர்)

முடியாது. பத்து வயது ஆகும் முன்பே திறந்திருக்க வேண்டும். பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு தொடங்குங்கள், 15 ஆண்டு. வீட்டில் இன்னொரு சின்னப் பெண் இருந்தால் அவளுக்காவது நாளைக்கே தபால் நிலையம் போங்கள். 250 ரூபாய் போதும்.

இயேசுவுக்குப் புகழ். கடன் நிறைய இருக்கிறது. எந்தப் புனிதருக்கு நவநாள் செய்தால் தீரும்? (பெயர், ஊர் இல்லை)

உங்களுக்குப் பிடித்த புனிதருக்குச் செய்யுங்கள். ஒன்பது நாளும் ஜெபம் முடிந்ததும் ஒரு கடனை நோட்டில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எத்தனை வட்டி. பத்தாம் நாள் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். கூடிய வட்டியை முதலில் அடைப்போம்.

மகன் நான்காம் வகுப்பு. ஞாயிறு பூசையில் காணிக்கைக்குக் கொடுக்கும் 20 ரூபாயில் பத்தைப் பதுக்கி மிட்டாய் வாங்குகிறான். பங்குச் சாமியாரிடம் சொல்லிக் கண்டிக்கச் சொல்லலாமா? (தந்தை, நெல்லித்தோப்பு)

சாமியாருக்கு வேறு வேலை இருக்கிறது. உங்கள் பணத்தை நீங்கள் கடவுளுக்கு அனுப்புகிறீர்கள், பையன் நடுவில் தபால்காரன். வழியில் கொஞ்சம் கமிஷன் எடுத்துக்கொண்டான். தப்புதான். ஆனால் மூன்றாம் மணி அடித்த பிறகு கோயில் வாசலில் சட்டைப் பையைத் துழாவி, அகப்பட்ட நோட்டைப் பிள்ளையின் கையில் திணிப்பது யார்? அதில் அவன் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது?

வாரம் 30 ரூபாய் அவனுக்கென்று கொடுங்கள். மூன்று டப்பா: மிட்டாய், சேமிப்பு, காணிக்கை. எதில் எவ்வளவு என்பது அவன் பாடு. முதல் சில வாரம் காணிக்கை டப்பாவில் ஒரு ரூபாய்தான் விழும், பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருங்கள். என் இளைய மகன் இரண்டு மாதம் ஐம்பது காசைத் தாண்டவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, டப்பாவில் இருந்த மூன்று ரூபாயையும் புனித அந்தோனியார் உண்டியலில் கவிழ்த்துவிட்டு வந்தான். காணாமல் போன காம்பஸ் பெட்டி கிடைத்துவிட்டதாம்.

மகளுக்கு வரும் மே மாதம் புது நன்மை (முதன்முறையாக நற்கருணை அப்பம் வாங்கும் சடங்கு). கணவர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி, சம்பளம் 18 ஆயிரம். உறவினர் 150 பேர். மண்டபம், பிரியாணி, உடை, ஆல்பம் எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் லட்சம் ஆகுமாம். மூன்று சவரன் நகை இருக்கிறது. வங்கியில் வைத்தால் வட்டி குறைவா, அடகுக் கடையிலா? (கடலூர் முதுநகர்)

வங்கியில் குறைவு. கேட்டதற்குப் பதில் முடிந்தது. கேட்காததையும் சொல்லிவிடுகிறேன்: நகையை வைக்காதீர்கள்.

இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வரும் என்று இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புது நன்மைக்கு வேண்டியவை பிள்ளை, பாவசங்கீர்த்தனம், பூசை. மூன்றுக்கும் கட்டணம் இல்லை. பல நாடுகளில் பிள்ளைகளைப் பத்து, பன்னிரண்டு வயதுவரை காக்கவைத்த காலம் ஒன்று இருந்தது. 1910இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர், ஏழு வயதை ஒட்டிப் புத்தி விவரம் தெரிந்தாலே போதும் என்று ஆணையிட்டார். அவர் வயதைக் குறைத்தார், நாம் செலவை ஏற்றிவிட்டோம். இப்போது இது கல்யாணத்துக்கு ஒத்திகை. தெருமுனையில் பிளெக்ஸ், தலைக்கு மேலே ட்ரோன். நாக்கை நீட்டும் நேரத்தில் பிள்ளையின் கண் அப்பத்தில் இல்லை, கேமராக்காரர் மேல்.

நான் நகைக்கடன் பிரிவில் இருந்தபோது ஒரு ஜூன் மாதக் காலை. ஒரு தாய், பள்ளிச் சீருடையில் மகள். பள்ளி திறந்துவிட்டது, கட்டணம் கட்டவில்லை, கையிருப்பு எல்லாம் மே மாத விருந்தில் கரைந்துவிட்டது. அந்த விருந்தன்று ஞானத்தாய் (ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பு ஏற்றவர்) போட்ட சங்கிலியைத்தான் அடகு வைக்கக் கொண்டுவந்திருந்தார்கள், பிள்ளையின் கழுத்திலேயே. கழற்றும்போது, பக்திக்காகக் கழுத்தில் அணியும் துணி உத்தரியத்தின் கயிற்றோடு அது சிக்கிக்கொண்டது. அந்த அம்மா நகத்தால் முடிச்சை விடுவித்து, சங்கிலியைத் தட்டில் வைத்து, உத்தரியத்தை மறுபடி சட்டைக்குள் தள்ளிவிட்டார். மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து எடையைச் சொன்னார். "ஆன்ட்டி, அதில் என் பெயர் எழுதுவீர்களா?" என்று கேட்டது பிள்ளை. கடன் எண்ணைத்தான் எழுதுவோம். எழுதினேன். அந்தக் கணக்கு மீட்கப்படாமல் ஏலத்துக்குப் போனது. ஏல நோட்டீஸில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். ஒன்றேகால் லட்சத்துக்கு வங்கி வட்டி பத்து சதவீதம் என்று வைத்தால் மாதம் ஆயிரத்துக்கு மேல். அடகுக் கடையில் இரண்டு வட்டி என்றால் மாதம் 2,500, ஆண்டுக்கு 30 ஆயிரம். இது வட்டி மட்டும். 18 ஆயிரம் சம்பளத்தில் அசலை எங்கிருந்து கட்டுவீர்கள்? அதுவும் ஒப்பந்த வேலை. மூன்று சவரனும் மூழ்கிப்போகும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மே மாதத்துக்கு எட்டு மாதம் இருக்கிறது. மாதம் ஆயிரம் எடுத்து வைத்தால் எட்டாயிரம். அத்தை பெண், சித்தி பெண் யாருடைய நன்மை உடையாவது பீரோவில் நாப்தலின் வாசனையோடு தூங்கிக்கொண்டிருக்கும், கேட்டு வாங்கித் தையற்காரரிடம் அளவு மாற்றுங்கள், 300 ரூபாய். வீட்டோடு இருபது பேருக்குப் பிரியாணி, நீங்களே கிண்டினால் மூவாயிரம். மெழுகுதிரி, மாலை, கேக் ஓர் ஆயிரம். படத்தை மாமா செல்போனில் எடுக்கட்டும். மிச்சத்தில் ஜூன் மாத நோட்டுப் புத்தகங்கள். ஊர் பேசும். சாப்பிட்ட பிரியாணி செரிக்கும்வரைதான் பேசும், கூப்பிட்டாலும் பேசும், கூப்பிடாவிட்டாலும் பேசும்.

எங்கள் பங்கில் ஒரு பங்குத்தந்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வெள்ளைப் பருத்தி உடை என்று முடிவு செய்தார். பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் இட்லி, வடை, கேசரி, எல்லாக் குடும்பமும் ஒரே பந்தி. ஒரு வீட்டுக்கு 1,500 ரூபாய்தான் ஆனது. இரண்டு ஆண்டு நடந்தது. மூன்றாம் ஆண்டு, "எங்களுக்கு வசதி இருக்கிறது, நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள்?" என்று நான்கு குடும்பங்கள் கிளம்பின. அவரும் மாற்றலாகிப் போனார். ட்ரோன் திரும்பி வந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. உங்கள் மகளுக்கு ஒன்பது வயது இருக்கும், கூட்டல் தெரியும். நோட்டை அவள் முன்னால் விரித்து, எட்டாயிரத்தை எப்படிப் பங்கிடலாம் என்று அவளையே கேளுங்கள். பிளெக்ஸ் வேண்டும் என்று அவள் சொன்னால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

சபையில் கூடவே பாட்டுக்குழுவில் இருப்பவர், மூன்று லட்சம் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். விசுவாசி, நல்லவர். போடலாமா? (செம்மண்டலம்)

மூன்று லட்சத்தை நீங்களே கட்டும் சக்தியும் மனமும் இருந்தால் போடலாம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி கடனாளிக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும். முதலில் அவரைக் கேட்டு விட்டுத்தான் வங்கி உங்களிடம் வர வேண்டும் என்று எண்ணாதீர்கள், நேரே உங்களிடமே வரலாம். நீதிமொழிகள் 22ஆம் அதிகாரமும் இதையேதான் எச்சரிக்கிறது.

தோழியின் குழந்தைக்கு ஞானத்தாயாக நிற்கச் சொல்கிறார்கள். அரைச் சவரன் மோதிரம் போட வேண்டுமாம். மறுத்தால் பாவமா? (முதலியார்பேட்டை)

16 வயது நிறைந்திருக்க வேண்டும், நன்மையும், ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் உறுதிபூசுதலும் பெற்றிருக்க வேண்டும், விசுவாசத்துக்கு ஏற்ற வாழ்க்கை வேண்டும். திருச்சபைச் சட்டம் கேட்பது இவற்றை. மோதிரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஜெபமாலை ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள்.

தெருவில் ஓர் அக்கா கிறிஸ்துமஸ் சீட்டு நடத்துகிறார். மாதம் 500, பன்னிரண்டு மாதம். டிசம்பரில் புடவை, கேக், பாத்திரம் தருவார். போன ஆண்டு சரியாகக் கொடுத்தார். சேரலாமா? (மஞ்சக்குப்பம்)

போன ஆண்டு கொடுத்ததுதான் இந்த ஆண்டு கூட்டம் சேரக் காரணம். ரசீது உண்டா? ஓர் அட்டையில் பேனாவால் டிக் போட்டுத் தருவார், இல்லையா? முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்ய 2019இல் சட்டமே வந்துவிட்டது. சீட்டு என்றால் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தது, நடத்துபவரின் கமிஷனுக்கு ஏழு சதவீத உச்சவரம்பு உள்ளது. முறைப்படுத்தப்பட்ட வைப்பும் இல்லை, பதிவு செய்த சீட்டும் இல்லை என்றால் அது வாய்க்கணக்கு. வாய்க்கணக்கு வேண்டாம் என்று எத்தனை முறை எழுதுவது? அந்த 500 ரூபாயை வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்பில் போட்டால் டிசம்பரில் ஆறாயிரமும் கொஞ்சம் வட்டியும் வரும். புடவை உங்களுக்குப் பிடித்த நிறத்தில் வாங்கலாம்.

மகனுக்கு 17 வயது. பிளஸ் டூ படிக்கிறான். தனிப் பயிற்சிக்குப் போய்வர பைக் கேட்கிறான். மாதத் தவணை கட்டுப்படியாகும். (திருப்பாதிரிப்புலியூர்)

உரிமம் இல்லாத வயதில் அவன் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25 ஆயிரம் அபராதம், சிறையும் உண்டு. அதையும் தவணையோடு சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். டவுன் பஸ் ஓடுகிறது.

வீட்டில் பிளம் கேக் நன்றாகச் செய்வேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஆர்டர் எடுக்க ஆசை. ஒரு கிலோ 450 ரூபாய்க்குக் கொடுக்கலாமா? (அரியாங்குப்பம்)

முந்திரி, திராட்சை, முட்டை, வெண்ணெய் எவ்வளவு ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள், கூட்டினால் 380 வருகிறது. அடுப்பு எரிய எரிவாயுவோ மின்சாரமோ, அட்டைப்பெட்டி, கொண்டுபோய்க் கொடுக்கும் ஆட்டோ, உங்கள் இரண்டு மணி நேரம் எல்லாம் எங்கே போயின? 600க்குக் குறையாதீர்கள். சின்ன அளவில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், கட்டணம் நூறு ரூபாய் அளவில்தான். பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொள்ளுங்கள். அன்பியத்து (பங்கிலுள்ள அக்கம்பக்கத்து ஜெபக் குழு) ஆட்களிடமும் வாங்குங்கள், முக்கியமாக அவர்களிடம். பழங்களை அக்டோபர் முதல் வாரமே ஊறப்போட்டுவிடுங்கள்.