ஏலக்காய் விஸ்கியில் ஓல்ட் ஃபேஷன்டு வீட்டிலேயே செய்ய முடியுமா?

குமுளியில் ஏலக்காய்க்குப் பஞ்சமில்லை, அதை விஸ்கியில் ஊறவைத்து ஓல்ட் ஃபேஷன்டு காக்டெயில் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. 1806-லேயே அமெரிக்கப் பத்திரிகை ஒன்று காக்டெயில் என்றால் மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் (மூலிகைகள் ஊறிய கசப்புச் சாறு) என்று எழுதிவிட்டது. ஓல்ட் ஃபேஷன்டும் அதே கூட்டணிதான்.

180 மில்லி விஸ்கிக்கு நாலு பச்சை ஏலக்காய் போதும். லேசாகத் தட்டி, தோலோடு கண்ணாடி ஜாடியில் போட்டு மூடுங்கள். ஆறு மணி நேரம் கழித்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். ஏலத்தின் எண்ணெய் ஆல்கஹாலில் சட்டென்று இறங்கிவிடும்; ரொம்ப நேரம் விட்டால் இருமல் மருந்துதான். மணம் பிடித்ததும் வடிகட்டிவிடுங்கள்.

சர்க்கரைக்குப் பதில் மறையூர் வெல்லம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. உப்புக் கரிப்பு இல்லாததால் விஸ்கியோடு சண்டை போடாது. சம எடை வெந்நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, ஆறவிடுங்கள்.

கிளாஸில் 60 மில்லி விஸ்கி, ஒரு டீஸ்பூன் பாகு, இரண்டு சொட்டு பிட்டர்ஸ். சின்னக் கிண்ணத்தில் உறையவைத்த பெரிய ஐஸ் ஒன்று. அரை நிமிடம் கலக்கினால் போதும், குலுக்க வேண்டாம். கடைசியில் ஆரஞ்சுத் தோலைக் கிளாஸுக்கு மேலே மடக்கிப் பிழிந்தால் எண்ணெய் தூறலாகத் தெறிக்கும். என்னைக் கேட்டால் பாதி ருசி அதில்தான். உள்பக்க வெள்ளை கசக்கும், முன்பே சீவிவிடுங்கள்.

அப்புறம், கேரளத்தில் மது வாங்க 23 வயது ஆகியிருக்க வேண்டும்.