அல்சருக்கு முடி கொட்டுமா?

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு வயது 68. இரண்டு மாதங்களுக்கு முன் கணையத்தில் புற்றுநோய் என்று உறுதியானது. பரவிவிட்டது, குணப்படுத்த முடியாது, கீமோ கொடுத்தால் கொஞ்ச காலம் தள்ளலாம் என்றார் மருத்துவர். இதை எங்களிடம்தான் சொன்னார். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று அண்ணன் அவரிடம் உறுதி வாங்கிவிட்டார். 'கணையத்தில் வீக்கம், ஊசி போட்டால் வற்றிவிடும்' என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.

நான் மருத்துவமனை நிர்வாகம் படித்தவள். அதிக நன்மை தருவதே சரி என்னும் பயன்வழிக் கோட்பாட்டின்படி மறைப்பது சரி. ஜெர்மன் தத்துவவாதி காண்ட் சொன்னபடி பார்த்தால் பொய்யே கூடாது. தன்னாட்சி, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்ற நான்கு நெறிகளை வைத்துப் பார்த்தால் ஒன்று ஒரு பக்கம் இழுக்கிறது, இன்னொன்று மறுபக்கம் இழுக்கிறது. நோயாளியின் உரிமை என்பதே மேலை நாட்டுச் சரக்கு, நமக்குக் குடும்பம்தான் எல்லாம் என்கிறார் அண்ணன். 'பொய்மையும் வாய்மை யிடத்த' என்று வள்ளுவரையும் துணைக்கு அழைக்கிறார். எந்தக் கோட்பாட்டை எடுத்துக்கொள்வது? பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதிவைக்கும் மருத்துவ உயில் பற்றியும் சொல்லுங்கள்.

க.

*

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் ஒரு பழைய தீர்ப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் நாலு வரி ஆறுதல் எழுதி முடித்திருப்பேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். அம்மா தூங்குகிறாரா? கணையத்தில் வரும் வலி முதுகு வரை பாயும்; படுத்தால் கூடும். கடிதத்தில் காண்ட் இருக்கிறார், வள்ளுவர் இருக்கிறார், அண்ணன் பத்தி பத்தியாக இருக்கிறார். அம்மா வாயைத் திறந்து சொன்ன ஒரு சொல்கூட இல்லை. வலி தணிப்பு மருத்துவம் பார்ப்பவர்கள் அங்கே இருந்தால் இன்றே போய்ப் பாருங்கள். மார்ஃபின் என்றதும் பயப்படாதீர்கள். இதற்கு எந்தக் கோட்பாடும் தேவையில்லை.

கோட்பாட்டுக்கு வருகிறேன், ஆனால் அதிக நேரம் நிற்கப் போவதில்லை. நீங்கள் சொல்லும் நான்கு நெறிகளும் போஷாம்ப், சில்ட்ரஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1979-ல் வகுத்தவை. ஓட்டல் பலகையில் எழுதிப்போட்ட பலகாரங்களில் எது வேண்டும் என்று கேட்பது போல நீங்கள் என்னிடம் கேட்கிறீர்கள். மறைப்பதற்குப் பயன்வழிக் கோட்பாட்டைத் துணைக்கு அழைத்திருப்பதுதான் எனக்குச் சிரிப்பு. அந்தக் கோட்பாட்டின் பெரிய ஆளான ஜான் ஸ்டூவர்ட் மில்தான், தன் உடலுக்கும் மனத்துக்கும் மனிதன் தானே அரசன் என்று 1859-ல் எழுதியவர். தேர்வுக்குப் படித்ததை மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. வள்ளுவரை விட்டுவிடுங்கள். பொய் சொல்லக் கிளம்பும் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் அந்தக் குறள் இருக்கிறது.

நான் படித்துக்கொண்டிருந்தது சமீரா கோலி வழக்கு. 1995, டெல்லி. 44 வயதுப் பெண், திருமணமாகாதவர். ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று போகிறார். மயக்க மருந்து கொடுத்து, உள்ளே என்ன பிரச்சினை என்று கருவி விட்டுப் பார்க்கிறார்கள். அவர் மேசையில் நினைவில்லாமல் கிடக்கும்போதே உதவி மருத்துவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, அங்கே காத்திருந்த தாயாரிடம் ஒப்புதல் வாங்குகிறார். கண்விழித்தபோது அந்தப் பெண்ணுக்குக் கருப்பையும் இல்லை, சினைப்பைகளும் இல்லை. மருத்துவர் கெட்டவர் அல்ல. நோய்க்கு அதுதான் தீர்வு என்று நம்பிச் செய்தார். தாயாரும் மகளின் நன்மைக்குத்தான் கையெழுத்துப் போட்டார். உச்ச நீதிமன்றம் 2008-ல் சொன்னது இதுதான்: உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, அவர் இன்னும் கொஞ்ச நேரத்தில் கண்விழிக்கப் போகிறவர், விழித்ததும் அவரையே கேட்டிருக்க வேண்டும், தாயின் ஒப்புதல் செல்லாது. இழப்பீடு 25,000 ரூபாய். அந்தத் தொகையைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, சொன்னால் நாகரிகமாக இருக்காது.

உங்கள் அம்மா மயக்கத்தில் இல்லை. உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பதிலாக நீங்கள் இருவரும் எப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள்? அந்தத் தீர்ப்பிலேயே, ஒப்புதல் வாங்குமுன் நோயாளிக்கு என்னென்ன சொல்லியிருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. செய்யப்போவது என்ன, எதற்காக, பலன் என்ன, மாற்று வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, மறுத்தால் என்ன ஆகும். கடைசியில் இருப்பதைக் கவனியுங்கள். மறுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமென்றால், மறுக்கலாம் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் எனக்கு என் அத்தை நினைவு வந்துவிடுகிறது. வயிற்றில் புற்றுநோய். பிள்ளைகள் அவரிடம் சொன்னது அல்சர். கீமோவுக்கு வைத்த பெயர் சத்து ஊசி. வார்டில் செவிலியர் ஒருவர், "சி.ஏ. ஸ்டமக் அட்டெண்டர் யார்?" என்று வராந்தா அதிரக் கூப்பிடுவார். சி.ஏ. என்றால் கான்சர். அத்தைக்குக் காது நன்றாகவே கேட்கும். ஒரு நாள் தலையணையில் ஒட்டியிருந்த முடியைத் திரட்டிச் சுருட்டிக்கொண்டே, அல்சருக்கு முடி கொட்டுமா என்று என்னைக் கேட்டார். கொட்டாது என்றேன். தலையை ஆட்டினார். வேறெதுவும் கேட்கவில்லை.

அத்தை தெருப் பெண்களை வைத்து ஏலச்சீட்டு நடத்தி வந்தவர். அதன் பிறகு பார்வையாளர் நேரத்தில் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். கையில் ஹார்லிக்ஸ், சாத்துக்குடி. அம்மாவுக்கு எவ்வளவு மனிதர்கள் பாருங்கள் என்று பிள்ளைகள் நெகிழ்ந்துபோனார்கள். மெத்தைக்கு அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. வந்தவர்களிடம் கணக்கைச் சொல்லி, எடுத்தவர்களிடம் பாக்கியை வாங்கி, எடுக்காதவர்களுக்குத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தார். போர்வைக்குள் கைவிட்டு அவர் நோட்டுகளை எண்ணியதை நான் பார்த்திருக்கிறேன். சொந்தக் கணக்கைத் திருட்டுத்தனமாக முடித்துக்கொண்டார்.

ஆனால் ஒரு காரியம் மட்டும் அவரால் ரகசியமாகச் செய்ய முடியவில்லை. ஊசி போதும் என்று சொல்ல முடியவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் தனக்கு எல்லாம் தெரியும் என்று பிள்ளைகள் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய பொய்யை உடைக்க வேண்டும். அதற்கு மனம் வராமல் ஒவ்வொரு முறையும் கையை நீட்டினார். வாந்தி எடுத்தார். மறுபடி நீட்டினார். பொய் சொல்லித் துயரத்தைத் தடுத்தோம் என்று நினைக்கிறீர்களே, க., அது பெரும்பாலும் தடுப்பதே இல்லை. தெரிந்தவரைத் தெரியாதவராக நடிக்கவைத்து, வேண்டாம் என்கிற சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. கணையப் புற்றுநோய்க்குக் கீமோ கொடுத்தால் கிடைப்பது சில மாதங்கள். அந்த மாதங்களை ஊசியோடு கழிப்பதா, வீட்டுத் திண்ணையில் கழிப்பதா என்று உங்கள் அண்ணன் எப்படி முடிவு செய்தார்? அவருக்கா வாந்தி வருகிறது?

மருத்துவர் ஏன் உடன்பட்டார் என்று கேட்பீர்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளை எடுத்துப் பாருங்கள். அறுவைச் சிகிச்சைக்கு எழுத்தில் ஒப்புதல் தர வேண்டியவர்கள் யார் என்ற பட்டியல் இருக்கிறது: கணவன் அல்லது மனைவி, சிறார் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர், 'அல்லது நோயாளி'. வயிறு யாருடையதோ அவருக்குக் கடைசி இடம். நோயின் தீவிரத்தைத் தெரிவிப்பது பற்றிய விதியிலும் நோயாளி, உறவினர், பொறுப்பான நண்பர்கள் என்று எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். இதைப் பிடித்துக்கொண்டு மருத்துவர்கள் சுலபமான வழியில் போகிறார்கள். சாகப்போகிறவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவதைவிட, அழுதுமுடித்த மகனிடம் பேசுவது எளிது. கட்டணம் கட்டுபவரும் அவர்தான்.

மேலை நாட்டுச் சரக்கு என்றாராம் அண்ணன். 1961-ல் அமெரிக்க மருத்துவர்களிடம் கேட்டபோது, பத்துக்கு ஒன்பது பேர் புற்றுநோய் என்றால் நோயாளியிடம் சொல்ல விரும்பவில்லை என்றார்கள். 1979-ல் அதே கேள்விக்கு ஏறக்குறைய எல்லோருமே சொல்லிவிடுவோம் என்றார்கள். இடையில் அவர்களுடைய பண்பாடா மாறிவிட்டது? பதினெட்டு ஆண்டில் மருத்துவர்களின் பழக்கம் மாறியது, அவ்வளவுதான். குடும்பம்தான் எல்லாம் என்பது உண்மையானால், அந்தக் குடும்பத்தை ஐம்பது வருடம் நடத்தியவரைப் பேச்சிலிருந்து வெளியே நிறுத்தியது ஏன்?

உடனே ஓடிப்போய்ப் போட்டு உடைத்துவிடாதீர்கள். உங்களைப் போன்ற படித்தவர்கள் அதையும் செய்வீர்கள். எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், என் பிள்ளைகளிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. அதைச் சொல்லவேண்டியவர் அவர். பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில், உங்கள் உடம்பைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் அம்மா என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். உங்களுக்கு அழுகை வந்தால் அழுங்கள், அதில் ஒன்றும் தவறில்லை. அநேகமாக அவர் உங்களைத் தேற்றுவார்.

மருத்துவ உயில்: 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் வேண்டும் என்று இருந்ததை 2023-ல் எளிமையாக்கினார்கள். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்து. ஆனால் தனக்குக் கணைய வீக்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர் அதில் என்ன எழுதுவார்? ஆகவே அடுத்த ஊசித் தேதிக்கு முன் பேசிவிடுங்கள். அண்ணன் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும், அவருக்குக் கோபம் ஆறக் காலம் இருக்கிறது.