வயதான நாயும் ஹார்மோன் பயமும்: கால்நடை மருத்துவரிடம் கேள்வி பதில்

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, எங்கள் நாட்டு நாய்க்குப் பதினொரு வயது. ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது, ராத்திரி வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போகிறது. வயிறும் தொங்குகிறது. குஷிங் நோயாக இருக்குமோ?

சந்தேகம் நியாயமானதுதான். முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழியுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் போதும். எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 15 கிலோ நாய் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தால், வெயில்தான் காரணம் என்று விட்டுவிடக் கூடாது.

குஷிங்கில் கார்டிசால் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. பத்தில் எட்டு நாய்க்கு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வரும் சிறு கட்டிதான் காரணம். மற்றவற்றுக்குக் கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியிலேயே கட்டி இருக்கும். பசியையும் கவனியுங்கள். தட்டை நக்கித் தீர்த்துவிட்டு இன்னும் கேட்கிறதென்றால் குஷிங்கை நினைக்கலாம். சோற்றை மோந்துவிட்டுப் போகிறதென்றால் எனக்குச் சிறுநீரகத்தின் மேல்தான் முதல் சந்தேகம் வரும். சாப்பிட்டும் மெலிந்தால் சர்க்கரை நோயாக இருக்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். தரை நனைகிறது என்று ராத்திரி தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்து வைக்கிறார்கள். சிறுநீர் அதிகமாகப் போவதால்தான் அதற்குத் தாகம். தண்ணீர் இல்லாவிட்டால் உடம்பு வற்றிவிடும், பாவம்.

அம்பாசமுத்திரம்: அரிப்புக்கு மாதக்கணக்கில் மாத்திரையும் ஊசியும் போட்டோம். இப்போது முதுகில் முடி இல்லை, தோல் தாள் மாதிரி இருக்கிறது.

அந்த மருந்துச் சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டை நீண்ட நாள் கொடுத்தாலே குஷிங் அறிகுறிகள் அப்படியே வரும். பயந்துபோய் நீங்களாக மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டே இருந்ததால் அட்ரினல் சுருங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் நாய் மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சங்கரன்கோவில்: எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு ரத்தத்தில் தைராய்டு குறைவு என்று வந்திருக்கிறது. அம்மா சாப்பிடும் தைராய்டு மாத்திரையையே கொடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. மருந்து ஒன்றுதான் என்றாலும் நாய்க்குக் கணக்கு வேறு. அதைவிட முக்கியம், அந்த முடிவை அப்படியே நம்பலாமா என்பது. கிரேஹவுண்ட் போல ஒல்லியாக ஓடும் இனங்களுக்கு டி4 என்கிற தைராய்டு ஹார்மோன் இயல்பாகவே குறைவாக இருக்கும். சிப்பிப்பாறையும் கன்னி இன நாயும் அதே உடல்வாகு. வேறு நோய் இருந்தாலும் டி4 இறங்கலாம். அதனால் தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் ஹார்மோனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாய் மந்தமாகி, தீனி கூடாமலே எடை ஏறி, அரிப்பில்லாமல் முடி கொட்டினால்தான் தைராய்டு சந்தேகம் வலுக்கும்.

வள்ளியூர்: பெட்டை, கருத்தடை செய்யவில்லை. பருவம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. நிறையக் குடிக்கிறது, சாப்பிடவில்லை, வாந்தி.

இன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள் அம்மா. கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். ஹார்மோன் பரிசோதனை எல்லாம் பிறகு.

சேரன்மகாதேவி: குஷிங் பரிசோதனைக்கு எப்படித் தயாராவது? மருந்து வாழ்நாள் முழுக்கவா?

ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். அன்று காலையில் முதலாவதாகப் போகும் சிறுநீரை வீட்டிலேயே சுத்தமான பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள். பயணத்தில் பதற்றப்பட்டாலே கார்டிசால் ஏறிவிடும். அந்தச் சிறுநீரில் கார்டிசால் சரியாக இருந்தால் பெரும்பாலும் குஷிங் இல்லை. அதிகம் என்றால் அதை வைத்து முடிவுகட்ட முடியாது, டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு ஊசி போட்டு ரத்தத்தில் கார்டிசால் குறைகிறதா என்று பார்க்கும் பரிசோதனை வேண்டும். அதற்கு எட்டு மணி நேரம் ஆகும், ஒரு பகலை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

நோய் உறுதியானால் கார்டிசாலைக் குறைக்கும் டிரைலோஸ்டேன் மருந்து, பெரும்பாலும் ஆயுசு முழுக்க. சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். தாகம் சில வாரங்களில் தணியும், முடி வளர மாதங்கள் ஆகும். மருந்து தொடங்கியபின் வாந்தி, பேதி, சோர்வு வந்தாலோ தீனியை மறுத்தாலோ, அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.