உயில், வீடு, கரும்பு நிலம்: டர்பன் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்கச் சட்டப்படி உயில், சொத்து, கடை பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். விவாகரத்து வழக்குகள் என் துறை இல்லை.

மெரிபேங்க் வாசகி: அம்மாவுக்குக் கை நடுங்கும். அவர் சொல்லச் சொல்ல உயிலை நான்தான் எழுதினேன். சாட்சியாகப் பக்கத்து வீட்டு அக்கா காலையில் கையெழுத்துப் போட்டார், அவர் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து ராத்திரி போட்டார். வீடு எனக்குத்தான். செல்லுமா அண்ணா?

இரண்டு சிக்கல் இருக்கிறது, தங்கச்சி. 1953-ஆம் ஆண்டு உயில் சட்டப்படி இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். இரண்டாவது சிக்கல் பெரியது. உயிலைத் தன் கையால் எழுதியவருக்கும், சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கும், இவர்களுடைய கணவன் மனைவிக்கும் அந்த உயில் மூலம் சொத்து வராது. உயிலே இல்லாவிட்டாலும் மகளாக உங்களுக்கு வரக்கூடிய பங்கு அளவுக்குத் தப்பும். அதற்கு மேல் வேண்டுமானால் நீதிமன்றம் போய், அம்மாவை நீங்கள் ஏமாற்றவோ வற்புறுத்தவோ இல்லை என்று காட்ட வேண்டும்.

அம்மா நல்ல நினைவோடு இருக்கும்போதே வேறு யாரையாவது டைப் செய்யச் சொல்லிப் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அம்மாவின் கையெழுத்து இருக்கட்டும்.

ஸ்டேங்கர் வாசகர்: அப்பாவின் கரும்பு நிலம் 9 ஹெக்டேர். அவர் காலமாகிவிட்டார். அண்ணன் தம்பி மூன்று பேரும் வேலி போட்டு ஆளுக்கு 3 ஹெக்டேர் பிரித்துக்கொண்டோம். தனித்தனி டைட்டில் டீட் (நில உரிமைப் பத்திரம்) எப்படி வாங்குவது?

வேலி போட்டதால் நிலம் பிரியாது. விவசாய நிலத்தை வேளாண் அமைச்சரின் சம்மதம் இல்லாமல் கூறு போட 1970-ஆம் ஆண்டின் 70-ஆம் எண் சட்டம் தடை விதிக்கிறது. கூறு போட வேண்டாம், ஒரே டீடில் மூன்று பேர் பெயரையும் போடலாம் என்றால் அதற்கும் அந்தச் சம்மதம் வேண்டும். ஒரு துண்டை மட்டும் வெளியாளுக்கு விற்பதும், 10 வருடமோ அதற்கு மேலோ குத்தகைக்கு விடுவதும் அப்படித்தான். நிலம் துண்டு துண்டாகிப் பயிர் வைத்துப் பிழைக்க முடியாமல் போய்விடக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம்.

எனக்குத் தெரிந்து மூன்று வழி இருக்கிறது. அமைச்சகத்துக்கு விண்ணப்பிப்பது ஒன்று. இவ்வளவு சின்ன துண்டுகளுக்குச் சம்மதம் கிடைப்பது கஷ்டம். ஒருவர் நிலத்தை எடுத்துக்கொண்டு மற்ற இருவருக்கும் பணம் கொடுப்பது இன்னொன்று. மூன்றாவது, ஒரு கம்பெனியோ டிரஸ்டோ நிலத்தை வைத்துக்கொள்ள, நீங்கள் அதில் பங்காளிகளாக இருப்பது. கூடிப் பயிர் செய்ய மனமிருந்தால் மூன்றாவதையே சொல்வேன். எதுவானாலும் முதலில் எக்ஸிக்யூட்டர், அதாவது இறந்தவரின் சொத்தைப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பவர், நியமனம் ஆக வேண்டும். அதுவரை யாரும் யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

ஃபீனிக்ஸ் வாசகர்: தாத்தா உயிலில் என் மாமா சாட்சி. அத்தைக்கு ஒரு பங்கு எழுதியிருக்கிறது.

மாமா அத்தையின் கணவர்தானே? மெரிபேங்க் தங்கச்சிக்குச் சொன்னது அப்படியே பொருந்தும். தாத்தா இருந்தால் மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகி: கோயிலில் தாலி கட்டிக் கல்யாணம், பதிவு செய்யவில்லை. மூன்று பிள்ளைகள். வீடு அவர் பெயரில். உயில் இல்லை. அவருக்கு ஏதாவது ஆனால் எனக்கு உரிமை உண்டா?

உண்டு, அம்மா. இந்து முறைப்படி மணந்த ஒரே மனைவியும், உயில் எழுதாமல் இறந்தவரின் வாரிசுதான் என்று டர்பன் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2009-ல் அந்தத் தீர்ப்பு அச்சில் வந்தது.

டோங்காட் வாசகர் குறுக்கிட்டு: கோர்ட்டே சொல்லிவிட்டதே, அப்புறம் எதற்குப் பதிவு? தாலியை விடப் பெரியதா ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) காகிதம்?

தாலியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை, தம்பி. ஆனால் கணக்கைப் பாருங்கள். வீடு 12 லட்சம் ராண்ட், கடன் இல்லை என்று வைத்துக்கொள்வோம். தாலி மட்டும் என்றால், மனைவிக்கு ஒரு பிள்ளையின் பங்கு அல்லது 2,50,000 ராண்ட், எது பெரிதோ அது. நாலாகப் பிரித்தால் 3 லட்சம்.

ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் பதிவு செய்திருந்தால் சொத்து இருவருக்கும் பொது. முதலில் 6 லட்சம் மனைவியின் சொந்தப் பாதி. மீதி 6 லட்சத்தில் பிள்ளையின் பங்கு ஒன்றரை லட்சம்தான் என்பதால் இரண்டரை லட்சம் கிடைக்கும். ஆக மொத்தம் எட்டரை லட்சம். அதே பெண், அதே தாலி, அதே வீடு.

டோங்காட் வாசகர்: பிள்ளைகள் அம்மாவைத் தெருவிலா விடுவார்கள்?

பெரும்பாலும் மாட்டார்கள். ஆனால் அவர்களுக்கும் கடன் வரும், கல்யாணம் முறியும். அதோடு, தாலி மட்டும் என்றால் கல்யாணம் நடந்ததை அந்தப் பெண்தான் நிரூபிக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவர் ஐயரையும் போட்டோவையும் தேடி அலைய வேண்டுமா? 1961 திருமணச் சட்டத்தின்படி நம் கோயில் ஐயர்களும் மண அதிகாரியாக நியமனம் பெறலாம். அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டால் தாலியும் பதிவும் ஒரே மேடையில் முடிந்துவிடும். இதற்கு ஏன் மனம் வரவில்லை என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

லெனேஷியா வாசகர்: அப்பா இறந்துவிட்டார். பவர் ஆஃப் அட்டர்னி என்னிடம் இருக்கிறது. பேங்கில் பணம் எடுக்கலாமா?

கூடாது. அது அவர் உயிரோடு முடிந்துவிட்டது. மரணத்தை மாஸ்டர் அலுவலகத்தில், அதாவது இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற அலுவலகத்தில், தெரிவியுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: "இந்த வீட்டை ஒருநாளும் விற்கக் கூடாது" என்று அப்பா எழுதியிருக்கிறார்.

விற்றால் வீடு யாருக்குப் போக வேண்டும் என்று எழுதாவிட்டால், அந்த வரிக்குச் சட்டத்தில் பலம் இல்லை. அப்பாவின் ஆசையை மதிப்பது உங்கள் குடும்பத்தின் முடிவு.

மவுண்ட் எட்ஜ்கோம் வாசகி: கடை குளோஸ் கார்ப்பரேஷனாக (சிலர் மட்டும் சேர்ந்து நடத்தும் சின்ன கம்பெனி மாதிரி) இருக்கிறது. அப்பாவுக்குப் பாதி, அவர் நண்பருக்குப் பாதி. அப்பாவின் பாதி எனக்குத் தானாக வருமா?

வராது. உயிலில் உங்கள் பெயர் இருந்தாலும், அவர்களுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் நண்பரின் சம்மதம் வேண்டும். 28 நாளுக்குள் அது கிடைக்காவிட்டால் எக்ஸிக்யூட்டர் அந்தப் பங்கை விற்க வேண்டியதுதான். இப்போதே இருவரையும் உட்கார வைத்து எழுதி வாங்குங்கள்.

ஃபீனிக்ஸ், இன்னொருவர்: என் மனைவி சாட்சியாக இருக்கலாமா? உயிலில் எனக்குப் பங்கு உண்டு.

கூடாது. தயவுசெய்து மேலே உள்ள பதில்களைப் படியுங்கள்.

வாசகர்: தஞ்சாவூரில் பாட்டனார் நிலம்...

நிலம் இருக்கும் ஊரின் சட்டம்தான். அங்குள்ள வக்கீலைக் கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகி: அவர் சரி என்றுவிட்டார், பதிவு செய்யப் போகிறோம். எதற்கும் தயாராக வேண்டுமா?

ரொம்ப சந்தோஷம், அம்மா. அவருக்குத் தொழில் கடன் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சொத்து பொதுவானால் கடனும் பொதுதான். அப்படி வேண்டாம் என்றால் பதிவுக்கு முன்பே நோட்டரியிடம் ஒப்பந்தம் போட வேண்டும். இருவருடைய ஐடியும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். இந்தச் சாட்சிக்கு உயில் தடை கிடையாது. உங்கள் பிள்ளைகளுக்கு வயது வந்திருந்தால் அவர்களே கையெழுத்துப் போடலாம்.