‘உங்க ஊர்க்காரங்க’ என்று யாரைச் சொன்னீர்கள்?

கேள்வி: நானும் கல்லூரி நண்பர்கள் இருவருமாகச் சேர்ந்து கிரிக்கெட், சினிமா பற்றி அரட்டையாக ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறோம். எங்களில் ஒருவன் நல்ல கருப்பு. கல்லூரிக் காலத்திலிருந்தே அவனுக்கு ‘வெஸ்ட் இண்டீஸ்’ என்றுதான் பட்டப்பெயர். பாட்காஸ்ட்டிலும் அப்படியே கூப்பிடுவோம். அவனும் சிரிப்பான். சில நேரம் அவனே தன் நிறத்தை வைத்து ஜோக் அடிப்பான். போன மாதம், வெஸ்ட் இண்டீஸ் தோற்ற ஒரு ஆட்டத்தைப் பேசும்போது, “என்னடா, உங்க ஊர்க்காரங்க இப்படிச் சொதப்பிட்டாங்க” என்றேன். சிரித்தான். ரெக்கார்டிங் முடிந்து போனவன் அப்புறம் வரவே இல்லை. கேட்டால் ‘வேலை அதிகம்’ என்கிறான். இன்னொரு நண்பனோ, “அவனே அடிக்காத ஜோக்கா? இதையெல்லாம் பார்த்தால் காமெடியே பண்ண முடியாது” என்கிறான். கேட்பவர்களும் இந்தக் கலாய்ப்பைத்தான் ரசிக்கிறார்கள். நான் செய்தது தவறா? இனிமேல் இனம், நிறம் பற்றிய பேச்சையே விட்டுவிட வேண்டுமா? அவனை எப்படித் திரும்பக் கூட்டி வருவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், தவறுதான். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்பதும் தெரிகிறது. ‘வேலை அதிகம்’ என்று அவர் சொன்னதை நம்பிக்கொண்டு நீங்கள் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியாமல்தானே எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வாக்கியத்தையே கொஞ்சம் பாருங்கள். ‘உங்க ஊர்க்காரங்க.’ உங்கள் நண்பருக்கு ஊர் முசிறியோ, துறையூரோ, திருச்சியேதானோ, எனக்குத் தெரியாது. உங்களோடு ஒரே வகுப்பில் படித்தவர், ஒரே அணிக்குக் கை தட்டியவர். அவரை ஒரே வரியில் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டீர்கள். அனுப்பக் காரணம் அவருடைய தோல். அதுவும் நாலு பேர் கேட்கிற மைக்கில். அவர் சிரித்தார் என்கிறீர்கள். மைக் ஓடும்போது வேறு என்ன செய்வார்?

அந்தப் பதிவை இன்னொரு முறை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். உங்கள் ஜோக்கை விட்டுவிடுங்கள், அதற்குப் பின்னால் வருவதைக் கேளுங்கள். அவர் சிரிப்பு உங்கள் சிரிப்போடு சேர்ந்து வருகிறதா, அரை நொடி தாமதித்து வருகிறதா? சிரித்து முடித்ததும் அவர் அந்தப் பேச்சைத் தொடர்கிறாரா, சட்டென்று ஸ்கோருக்குத் தாவுகிறாரா? பழைய பதிவுகளையும் இப்படியே கேளுங்கள். உங்கள் கடிதத்தை விட அதிகமான விவரம் அதில் கிடைக்கும்.

நம் ஊரில் கருப்பான பிள்ளைக்கு இந்தக் கேலி பாட்காஸ்ட்டில் ஆரம்பிப்பதில்லை. வகுப்பில் குரூப் போட்டோ எடுக்கும்போது, “பல்லைக் காட்டுடா, அப்பத்தான் நீ நிக்கிறது தெரியும்” என்று ஒருவன் சொல்வான். வாத்தியாரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டில் அத்தை பாசமாகவே ‘கருவாயா’ என்பார். கரண்ட் போனால் ஒரு ஜோக், வெள்ளைச் சட்டை போட்டால் ஒரு ஜோக். நீங்கள் பேசும் சினிமாவை எடுத்துக்கொள்ளுங்கள். ரஜினிகாந்தையும் விஜயகாந்தையும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய அதே திரையில்தான், பெண் பார்க்கப் போன இடத்தில் கருப்பான பெண் வந்து நின்றால் நகைச்சுவை நடிகர் அலறிக்கொண்டு ஓடுவார். கொட்டகையே சிரிக்கும். அந்தக் கொட்டகையில் அந்த நிறத்தில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நினைத்தாலே எனக்கு மனசு பதறும்.

இந்திய அணிக்கே ஆடியவர்களையும் இது விட்டுவைக்கவில்லை. சென்னைக்காரர் அபினவ் முகுந்த் 2017இல், இந்திய டெஸ்ட் அணியோடு இலங்கைச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, சமூக வலைத்தளத்தில் ஒரு குறிப்பு எழுதினார். சின்ன வயதிலிருந்து தன் நிறத்தைப் பற்றி மற்றவர்களுக்கு இருக்கும் தீராத அக்கறை தனக்கு விளங்கியதே இல்லை என்றார். சென்னை வெயிலில் நாள் முழுக்க மைதானத்தில் நின்றதில் தனக்கு வருத்தம் எதுவும் இல்லை என்றும் எழுதினார். லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன் பதினேழு வயதில் டெஸ்ட் ஆடியவர், 1984இல் மும்பையில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்ட்டில் 12 விக்கெட் எடுத்தவர். வாழ்நாள் முழுக்க நிறத்தின் பெயரால் பாகுபாட்டுக்கு ஆளானேன், அதுவும் சொந்த நாட்டிலேயே என்று அவர் 2021இல் எழுதினார். அவர் ஆடிய காலத்துக்கும் அந்த வரிக்கும் நடுவே எத்தனை வருஷம் என்று பாருங்கள். அத்தனை வருஷம் உள்ளேயே கிடந்திருக்கிறது.

சரி, உங்கள் இன்னொரு நண்பரின் வாதத்துக்கு வருவோம். “அவனே அடிக்காத ஜோக்கா?” இது வலுவான கேள்வி மாதிரித் தோன்றும். கருப்பான பிள்ளைகள் பலர், மற்றவன் அடிப்பதற்கு முன்னால் தானே அடித்துவிட்டால் வலி குறையும் என்று சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். நாம் அதை அனுமதி என்று எடுத்துக்கொள்கிறோம்.

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் டேவ் சாப்பெல் இனத்தை வைத்தே காமெடி செய்து உச்சிக்குப் போனவர். 2005இல், ஐந்து கோடி டாலர் ஒப்பந்தம் கையில் இருக்கும்போதே, தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். பிறகு பேட்டிகளில் ஒரு காரணம் சொன்னார். கருப்பர்களைப் பற்றிய பழைய கேலிப் பிம்பங்களை வைத்து, முகத்தில் கரிய சாயம் பூசிக்கொண்டு அவரே ஒரு காட்சியில் நடித்துக்கொண்டிருந்தார். படப்பிடிப்புத் தளத்தில் ஒரு வெள்ளையர் சிரித்த சிரிப்பு அவருக்கு உறுத்தியது. அந்தப் பிம்பத்தைக் கிண்டல் செய்வதுதான் அவர் நோக்கம். வந்த சிரிப்போ அந்தப் பிம்பத்தையே ரசித்த சிரிப்பாக அவர் காதில் விழுந்தது. அவருடைய ஜோக், அவருடைய உடம்பு, அவருடைய நிகழ்ச்சி, அப்படியிருந்தும் இது நடந்தது. உங்கள் நண்பரும் தானே அடித்த ஜோக்குக்கு நீங்கள் சிரித்த விதத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

‘அவன் அப்போது எதுவும் சொல்லவில்லையே’ என்றும் தோன்றும். வெஸ்ட் இண்டீஸ் வீரர் டாரன் சமி ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்கு ஆடியபோது சக வீரர்கள் அவரையும் இலங்கையின் திசாரா பெரேராவையும் ‘காலு’ என்று கூப்பிட்டார்கள். பலசாலி என்று பொருள் போலிருக்கிறது என நினைத்து அவரும் சிரித்துக்கொண்டே இருந்தார். 2020இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கருப்பரைப் போலீஸ்காரர் கொன்ற பிறகு, இந்திய வம்சாவளி அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஹசன் மின்ஹாஜ் பேசியதைப் பார்த்தபோதுதான் அது கருப்பு நிறத்தைச் சொல்லும் சொல் என்று தெரிந்துகொண்டார். இரண்டு முறை டி20 உலகக் கோப்பையைக் கையில் வாங்கிய கேப்டன் அவர். தனக்குக் கோபம் வந்ததை வெளிப்படையாகச் சொன்னார், அப்படிக் கூப்பிட்டவர்கள் தன்னிடம் பேச வேண்டும் என்று கேட்டார். ஒருவர் பேசினார், அன்பில்தான் கூப்பிட்டோம் என்று சொன்னார். சமி அதை ஏற்றுக்கொண்டார். அவர் ஏற்றுக்கொண்டது அந்தப் பேச்சு நடந்த பிறகு என்பதைக் கவனியுங்கள். அன்பு என்று நாமே முடிவு செய்து அவர் தலையில் கட்டிவிட முடியாது.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் கிளப்பில் பாகிஸ்தானில் பிறந்த வீரர் அசீம் ரஃபீக்குக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். அவரை இன வசைச்சொல்லால் கூப்பிட்டதை ‘நட்பான கிண்டல்’ என்று விசாரணைக் குழு முதலில் ஒதுக்கித் தள்ளியது. நம் புஜாராவுக்கு அந்த கிளப்பில் ‘ஸ்டீவ்’ என்று பெயர், சேதேஸ்வர் வாயில் நுழையாதாம். 2021 நவம்பரில்தான் கிளப் ஆட்டம் கண்டது, அதே மாதம் ரஃபீக் நாடாளுமன்றக் குழு முன்னால் உட்கார்ந்து கண்ணீரோடு பேசினார்.

உங்கள் இரண்டாவது கேள்வி: இனம், நிறம் பற்றிய பேச்சையே விட்டுவிட வேண்டுமா? வேண்டவே வேண்டாம். இன்னும் அதிகமாகப் பேசுங்கள். உங்கள் நிகழ்ச்சியில் இதுவரை நிறத்தை வைத்துச் சிரித்திருக்கிறீர்கள், நிறத்தைப் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. ‘வெஸ்ட் இண்டீஸ்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை எபிசோடுக்கு விஷயம் இருக்கிறது!

1976இல் இங்கிலாந்து கேப்டன் டோனி கிரெய்க், வெஸ்ட் இண்டீஸுடனான தொடர் ஆரம்பிக்கும் முன்னால் தொலைக்காட்சியில் சொன்னார், இவர்களை மண்டியிட்டுக் கெஞ்ச வைக்கப்போகிறேன் என்று. அவர் பிறந்தது தென்னாப்பிரிக்காவில். அங்கே நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். எதிரில் ஆடியவர்களில் பெரும்பாலோர் அடிமைகளின் வழித்தோன்றல்கள். விவ் ரிச்சர்ட்ஸ் நாலே டெஸ்ட்டில் 829 ரன் அடித்தார். ஓவலில், செத்துப்போன ஆடுகளத்தில், மைக்கேல் ஹோல்டிங் 14 விக்கெட் எடுத்தார். தொடரை வெஸ்ட் இண்டீஸ் 3-0 என்று வென்றது. அந்த ஓவலில் கரீபிய ரசிகர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போய் கிரெய்க் தானே கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்து காட்டினார், கூட்டம் ஆரவாரம் செய்தது. அவர்கள் சிரித்த சிரிப்புக்குப் பின்னால் அந்த 3-0 இருந்தது. அதற்குப் பிறகு 1980இலிருந்து 1995 வரை ஒரு டெஸ்ட் தொடரைக்கூட வெஸ்ட் இண்டீஸ் இழக்கவில்லை. இப்படிப்பட்ட பெயரை நம் பள்ளிக்கூடங்களில் கருப்புப் பையனைக் கூப்பிடும் கேலிப்பெயராக்கி வைத்திருக்கிறோம்.

அதே ஹோல்டிங் 2020இல், சவுத்தாம்ப்டனில் மழையால் ஆட்டம் தாமதமான நேரத்தில் இனவெறியைப் பற்றி நேரலையில் பேசினார். அடுத்து ஒரு பேட்டியில் தன் பெற்றோரைப் பற்றிப் பேசும்போது உடைந்து அழுதார். அப்பா ரொம்பக் கருப்பு என்பதற்காக அம்மாவின் வீட்டார் அம்மாவோடு பேச்சையே நிறுத்திவிட்டார்களாம். ஜமைக்காவில் நடந்தது. நம் தெருவில் எந்த வீட்டிலும் நடந்திருக்கக் கூடியது. இன்னொன்றும் சொல்கிறேன். கயானாவிலிருந்து வெஸ்ட் இண்டீஸுக்கு ஆடிய இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் ஒருவரின் பெயர் வீராசாமி பெருமாள். மதராஸிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போனவர்கள் கொண்டுபோன பெயர்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. ‘உங்க ஊர்க்காரங்க’ என்றால் உங்களையும் என்னையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இப்படிப் பேசினால் காமெடி குறைந்துவிடும் என்று உங்கள் நண்பர் பயப்படலாம். கிரெய்க் தவழ்ந்த கதையைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வருகிறதா இல்லையா என்று.

கடைசிக் கேள்வி, எப்படிக் கூட்டி வருவது என்பது. அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர்கள் முகமது அலியையும் ஜோ ஃப்ரேசியரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அலியின் குத்துச்சண்டை உரிமம் பறிக்கப்பட்டிருந்தபோது அதைத் திருப்பித் தர வேண்டும் என்று அவருக்காகக் குரல் கொடுத்தவர் ஃப்ரேசியர். பிறகு இருவரும் மோதும்போது, அலி அவரை வெள்ளையர்களின் அடிவருடி என்றார். 1975இல் மணிலா சண்டைக்கு முன்னால் கொரில்லா என்றார். சட்டைப்பையிலிருந்து ரப்பர் கொரில்லா பொம்மையை எடுத்துப் பத்திரிகையாளர்கள் முன்னால் குத்திக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஃப்ரேசியரின் பிள்ளைகள் கேலிக்கு ஆளானார்கள். கருப்பர் ஒருவர் இன்னொரு கருப்பரைச் சொன்னதுதான், டிக்கெட் விற்கச் சொன்னதுதான். ஆனாலும் ஃப்ரேசியரால் அதை விழுங்க முடியவில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் நடுங்கும் கையோடு அலி தீபம் ஏற்றியபோது உலகமே உருகியது. ஃப்ரேசியர் மட்டும் அப்போதும் கசப்பாகவே பேசினார். 2001இல் அலி நியூயார்க் டைம்ஸ் மூலம் மன்னிப்புக் கேட்டார். ஃப்ரேசியருக்கு அதிலும் ஒரு குறை இருந்தது. பத்திரிகையிடம் கேட்டிருக்கிறார், என்னிடம் கேட்கவில்லையே என்றார்.

ஆகவே தம்பி, மைக்கில் மன்னிப்புக் கேட்காதீர்கள், வாட்ஸ்அப்பிலும் வேண்டாம். நேரில் போங்கள். அவர் வீட்டுக்கோ, வழக்கமாக டீ குடிக்கும் கடைக்கோ. “அன்னைக்கு நான் சொன்னது தப்பு. காலேஜ்ல இருந்தே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் தப்பு” என்று சொல்லுங்கள். ‘நீ சிரிச்சியே’, ‘நான் அந்த அர்த்தத்துல சொல்லல’ இந்த இரண்டையும் வாயிலிருந்து விடாதீர்கள். அவர் “அட, அதெல்லாம் ஒண்ணுமில்லடா” என்று சொல்ல வாய்ப்பு அதிகம். அதோடு நிம்மதியாகக் கிளம்பிவிடாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். திரும்ப நிகழ்ச்சிக்கு வா என்று அன்றைக்கே கேட்க வேண்டாம். கூப்பிடுவதற்காகத்தான் மன்னிப்பு என்று ஆகிவிடும். கொஞ்ச நாள் கழித்துக் கேளுங்கள். வரமாட்டேன் என்றால் அந்தப் பதிலுக்கும் அவருக்கு உரிமை உண்டு.

பழைய பதிவுகளை நீக்குவதா வைத்திருப்பதா என்பதை அவரிடம் கேட்டுச் செய்யுங்கள், நீங்களாக முடிவெடுக்காதீர்கள். கேட்பவர்கள் ‘வெஸ்ட் இண்டீஸ் எங்கே?’ என்று கமெண்ட்டில் கேட்டால், அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிப் பதில் போடுங்கள். அந்தக் கலாய்ப்புக்காகவே கேட்டவர்கள் சிலர் போய்விடலாம், போகட்டும்.

இன்னொரு நண்பரை முதல் சந்திப்புக்குக் கூட்டிப்போக வேண்டாம். அங்கேயும் “அவனே அடிப்பானே” என்று ஆரம்பித்தால் எல்லாம் கெட்டுவிடும். அந்தப் பழைய பதிவை அவரையும் ஹெட்போனில் கேட்கச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.