கப்பலை வைத்து வாக்குச் சேர்ப்பது எப்படி? சிவிலைசேஷன் 6 கேள்வி-பதில்

சிவிலைசேஷன் 6, டேர்ன் டேர்னாக (முறை வைத்து) ஆடி நாடொன்றை வளர்க்கும் கணினி விளையாட்டு. இம்முறை வந்த கேள்விகளில் அநேகமானவை கடல் நிறைந்த மேப்பில் டிப்ளொமேட்டிக் வெற்றி (இராஜதந்திரத்தால் வெல்வது) எடுப்பது பற்றியவை. பதில்கள் கேதரிங் ஸ்டோர்ம் என்ற கூடுதல் தொகுப்பைப் போட்டு ஆடுபவர்களுக்கானவை. அது இல்லாவிட்டால் நாடுகள் கூடி வாக்களிக்கும் வேர்ல்ட் கொங்கிரஸும் இல்லை, இந்த வெற்றியும் இல்லை.

என்னிடம்தான் பெரிய கடற்படை. மூன்று தலைநகரங்களைப் பிடித்துவிட்டேன். ஆனால் கொங்கிரஸில் வாக்கு வாங்க உதவும் ஃபேவர் ஏறவே மாட்டேன் என்கிறது. ஏன்? (வெள்ளவத்தை)

பிடித்ததுதான் காரணம். அடுத்தவருடைய தலைநகர் ஒன்று உங்கள் கையில் இருக்கும்வரை டேர்னுக்கு 5 ஃபேவர் போய்க்கொண்டே இருக்கும். மூன்று என்றால் 15. உரியவர் இன்னும் ஆட்டத்தில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்த வெற்றிக்கு 20 புள்ளிகள் வேண்டும். கொங்கிரஸ் வாக்கெடுப்பில் அவற்றைச் சேர்க்க ஃபேவர் வேண்டும். அதற்குக் கப்பல் உதவும், ஆனால் வேறு விதமாக. ஆரம்பத்திலேயே கெலிக் கப்பல் ஒன்றைக் கரையோரமாகச் சுற்ற விடுங்கள். ஒரு நகர அரசை (கணினி ஆடும் ஒற்றை நகர நாடு) முதலில் சந்திப்பவருக்கு ஒரு தூதர் இலவசம். தீவு மேப்பில் அந்த முதல் சந்திப்புகள் பெரும்பாலும் கப்பல் வைத்திருப்பவருக்கே கிடைக்கும். குறைந்தது மூன்று தூதர்கள் இருந்து, மற்ற எவரையும் விட உங்களுக்கு அதிகமாகவும் இருந்தால் நீங்கள்தான் சுசரெய்ன், அதாவது அதன் மேலாதிக்கர். அப்புறம் ஒவ்வொரு டேர்னும் அங்கிருந்து ஃபேவர் வரும்.

அந்த நகர அரசை வேறொருவர் விழுங்கினால் வருமானமும் போச்சு. ஆகவே உங்கள் ஃப்ரிகேட் போர்க்கப்பல்களை எதிரியின் தலைநகருக்கு அனுப்பாமல், உங்களை நம்பியிருக்கும் நகர அரசுகளின் கரையில் நிறுத்துங்கள். யாராவது அவற்றில் ஒன்றைத் தாக்கினால் அதைக் காக்கும் புரொடெக்டரேட் போர் அறிவிக்கலாம். திடீரென்று தொடுக்கும் சர்ப்ரைஸ் போர் போல 150 கிரீவன்ஸ் (மற்றவர்களின் மனக்குறை) உங்கள் தலையில் விழாது.

ஆறு ஃப்ரிகேட் அடித்து நகரத்தின் ஹெல்த் பூச்சியத்துக்கு வந்துவிட்டது. நகரம் மட்டும் விழவில்லை. (கொட்டாஞ்சேனை)

ஃப்ரிகேட் தூர இருந்து சுடும், உள்ளே போகாது. கரவெல் போல நேரே மோதும் கப்பல் ஒன்று கூடவே போகவேண்டும். இன்னொன்று: கப்பல்கள் சாதாரணமாக நட்பு எல்லைக்குள்தான் குணமாகும். அடிபட்டதை நடுக்கடலில் நிறுத்தி வைத்துப் பலனில்லை, திருப்பி அனுப்புங்கள்.

நைட்டர் (வெடியுப்பு) வளம் கையில் இருந்தால், மெரிடைம் இன்டஸ்ட்ரீஸ் என்ற கொள்கை கார்ட் போட்டு குவாட்ரிரீம் கப்பல்களை மலிவாகக் கட்டிவைத்து, ஸ்குவெயர் ரிகிங் தொழில்நுட்பம் வந்ததும் காசு கொடுத்து ஃப்ரிகேட் ஆக்கலாம். ஒரு கட்டம் தள்ளிச் சுடுவது இரண்டு கட்டமாகும்.

பலமான கடற்படை உள்ள நாட்டோடு கூட்டணி வைத்திருக்கிறேன். நான் ஏன் கப்பலில் காசைக் கரைக்கவேண்டும்? (தெஹிவளை)

இதைக் கொழும்பில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள் என்பதால் நம் ஊர்க் கதையையே சொல்கிறேன். போர்த்துக்கேயரைக் கரையிலிருந்து விரட்டக் கண்டி அரசனுக்குக் கப்பல் இல்லை. இரண்டாம் இராஜசிங்கன் 1638இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். 1656இல் கொழும்புக் கோட்டை விழுந்தது. ஆனால் ஒல்லாந்தர் அதைக் கண்டியிடம் கொடுக்கவில்லை, தாங்களே வைத்துக்கொண்டார்கள். தரையில் கண்டி யாருக்கும் இளைத்ததல்ல, 1815 வரை நின்றது. துறைமுகங்கள் மட்டும் கடைசிவரை அதன் கைக்கு முழுதாக வரவில்லை.

விளையாட்டிலும் கூட்டணிக்கு 30 டேர்ன்தான் ஆயுள். அது முடிகிற டேர்னில் அவருடைய கப்பல்கள் உங்கள் துறைமுகத்துக்கு வெளியே நின்றால் என்ன செய்வீர்கள்? நான்கைந்து சொந்தக் கப்பல் கட்டாயம் வேண்டும். நோர்வேயின் ஹரால்ட் ஹர்ட்ராடா எதிரே இருந்தால் இன்னும் நல்லது. பலமான கடற்படை வைத்திருப்பவரை அவருக்குப் பிடிக்கும், பலவீனமானவரைப் பிடிக்காது. அங்கே கப்பல் கட்டுவதே நட்புக்கு வழி.

கண்டியும் இந்த விளையாட்டில் ஒரு நகர அரசு. அதன் சுசரெய்னாக இருக்கையில் புதிய இயற்கை அதிசயம் ஒன்றைக் கண்டுபிடித்தால் ஒரு ரெலிக் (புனிதச் சின்னம்) கிடைக்கும். உலகம் சுற்றக் கப்பல் இருப்பவருக்கு அருமையான கூட்டாளி.

புதிய நாட்டைச் சந்தித்ததும் என்ன செய்வது? (மட்டக்குளி)

25 பொன் கொடுத்து டெலிகேஷன் (தூதுக்குழு) அனுப்புங்கள், அதே டேர்னில். பிந்தினால் மறுத்துவிடுவார்கள்.

16, 17 புள்ளிக்கு வந்ததும் எல்லோரும் சேர்ந்து வாக்குப் போட்டு 2 புள்ளியைக் குறைக்கிறார்கள். மூன்று முறை இப்படி ஆகிவிட்டது. (பம்பலப்பிட்டி)

இந்த வெற்றியில் ஆளை வாட்டுகிற இடம் இதுதான். தடுக்குமளவு ஃபேவர் இல்லை என்று தெரிந்தால், நீங்களும் உங்களுக்கு எதிராகவே வாக்களியுங்கள். வென்ற பக்கத்தில் நின்றதற்கு 1 புள்ளி கிடைக்கும், ஆக இழப்பு ஒன்றோடு நிற்கும்.

ஆனால் உண்மையான தீர்வு கொங்கிரஸுக்கு வெளியே இருக்கிறது. ஸ்டாச்சூ ஒஃப் லிபர்ட்டி என்ற உலக அதிசயக் கட்டடம் 4 புள்ளி தரும். அதை ஹாபர் என்ற துறைமுகப் பகுதியை ஒட்டிய கடற்கரைக் கட்டத்தில்தான் கட்டலாம், எனவே இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். முடிய ஒரு டேர்ன் இருக்கும்போது நிறுத்திவிட்டு, 16 வந்ததும் முடித்தால் ஆட்டம் அங்கேயே முடியும். வேறொருவர் முந்திக் கட்டிவிடும் ஆபத்து உண்டு. ஆனாலும் ஒவ்வொரு கொங்கிரஸிலும் அடிவாங்குவதை விட இந்த வழியையே நான் எடுப்பேன். மகாபோதி ஆலயம் 2, பொடாலா அரண்மனை 1 என்று மற்றவற்றை முன்பே சேர்த்துவிடுங்கள்.

சோழர்களை வைத்து ஆட முடியாதா? (கொச்சிக்கடை)

6இல் முடியாது. 2025 பெப்ரவரியில் வந்த 7இல் எக்ஸ்ப்ளோரேஷன் காலத்தில் சோழர் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று உள்ள கப்பலின் பெயரே கலம். பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. 6இலேயே நிற்பதென்றால் ஃபினீஷியாவின் டைடோவை எடுங்கள். ஹாபருக்குப் பதிலாக வரும் கொத்தோன் இருக்கும் நகரத்தில் கப்பல்களும் செட்லர்களும் (புது நகரம் அமைப்பவர்கள்) 50% வேகமாக வரும்.