ஒற்றைப் படிக டர்பைன் பிளேடில், உறைய வைக்கும் முறை உள்ளமைப்பை எப்படி மாற்றுகிறது?

ஜெட் என்ஜினின் டர்பைன் பிளேடுகளை நிக்கல் கலவையில் வார்க்கிறார்கள். உருகிய உலோகத்தை எல்லாப் பக்கமும் ஒரேயடியாக உறைய விடாமல், அடியிலிருந்து மேல்நோக்கி மட்டும் உறைய வைப்பதுதான் திசைவழி உறைதல். வார்ப்பு அச்சின் அடியிலுள்ள சுருள் பாதையைத் தாண்டி ஒரே ஒரு படிகம் மேலே வரும். பிளேடு முழுக்க அதுவே வளரும்.

ஆனால் அது தட்டையாக வளராது. மரக்கிளைகள் போல நீளும். இவற்றுக்கு டென்ட்ரைட் என்று பெயர். கலவையிலுள்ள தனிமங்களில் ரீனியமும் டங்ஸ்டனும் கிளைத்தண்டில் சேரும். அலுமினியமும் டாண்டலமும் இடுக்குகளுக்குத் தள்ளப்படும். ஃப்ரீசரில் எடுத்த ஐஸ் கட்டியைப் பாருங்கள்: ஓரம் கண்ணாடி மாதிரி, நடு வெள்ளையாக. உறையும் நீர் தன்னுள் கரைந்திருந்த காற்றைத் தள்ளிக்கொண்டே போய், கடைசியாக உறையும் இடத்தில் அடைத்துவிடுகிறது. இங்கும் அதே கதைதான்.

முறை எதுவென்பது இங்கேதான் முக்கியமாகிறது. பிரிட்ஜ்மன் முறையில் அச்சை உலையிலிருந்து மெதுவாகக் கீழே இறக்குவார்கள். வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சாக வெளியேறும். பெரிய பிளேடுக்கு அது போதாது. இன்னொரு முறையில் அச்சை உருகிய வெள்ளீயத்தில் அமிழ்த்துவார்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகுவதால், உருகிய நிக்கல் கலவைக்கு அது குளிர்ந்த குளியல்! வெப்பம் சட்டென்று இழுக்கப்பட, கிளைகள் நெருக்கமாகின்றன, நுண்துளைகள் சிறுக்கின்றன. பிரிந்த தனிமங்களுக்கு இடையே தூரம் குறைவு என்பதால், பிறகு சூடாக்கிச் சமன்செய்வதும் எளிது.

‘ஒற்றைப் படிகம்’ என்றதும் உள்ளே எல்லாம் ஒரே சீர் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றாக இருப்பது அணுக்கள் அடுக்கியிருக்கும் திசைதான், வார்த்த நிலையில் கலவை இடத்துக்கு இடம் மாறும்.